அனுஷம் மங்கிய சீசன்

பதுளையிலிருந்து நமுனுகுல பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, கருக்கமலைத் தோட்டத்தில் இறங்கி, "கப்பு கழுவுற விஜயா வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கப்பு கழுவுவதற்கென்று ஓர் ஆளா என்று இளக்காரமாக நினைக்கவேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் அது சாதாரண வேலையில்லை.

விஜயலெட்சுமி பதினேழு வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள். தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஒரு மழை நாளில், கொழுந்துக் கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் போனது. மலை ஏறமுடியாது என்று டாக்டர் எழுதிக்கொடுக்க, தொழிற்சாலையில் தேத்தண்ணீர் ருசி பார்க்கிற அறைக்கு அவளை அனுப்பினார்கள். காலையில் அரைத்துக் காய்ந்த தூளை ஒவ்வொரு ரகமாக நிறுத்து, கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிடம் கழித்து வெள்ளைக் கப்புகளில் வடித்து வரிசையாக வைக்கவேண்டும். தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து உறிஞ்சி, துப்பி, மார்க் போட்டுவிட்டுப் போவார். பிறகு கழுவவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய வேலை.

ஆனால் ஏழெட்டு வருடம் பன்னிரண்டு கப்பை வரிசையாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு குணம் வந்துவிடும். எந்தக் கப்பில் சாயம் பளிச்சென்று இருக்கிறது, எதில் ஒரு துளி மங்கல் என்று டீமேக்கர் குனிவதற்கு முன்னமே அவளுக்குத் தெரியும். "ஐயா, அஞ்சாவது கப்பு கொஞ்சம் செத்த மாதிரி இருக்கு, நேத்து ரெண்டாவது அடுப்பு சூடு கூடிப்போச்சுபோல" என்பாள். டீமேக்கர் உர்ரென்று பார்ப்பார். உறிஞ்சிவிட்டு அதையே தன் கண்டுபிடிப்பாகப் புத்தகத்தில் எழுதுவார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த அஞ்சாவது கப்புச் சமாசாரத்தை ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் குமாரசிங்கம். தோட்டத்தின் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக இந்த மலையில் இருந்தும் பேச்சில் ஓர் எழுத்தும் மாறாதவர். அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வானத்து நட்சத்திரங்களில் சில கூடிக் குறைந்து எரியும், அவற்றை நாள்தோறும் பார்த்து எழுதி வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு அனுப்புவார். இரண்டாயிரமாம் வருடம் அனுஷ நட்சத்திரம் திடீரென்று பிரகாசமாகிவிட்டது. விருச்சிகத்தின் நெற்றியில் மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கிறதல்லவா, அதில் நடுவில் இருப்பது. உலகத்தில் அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள். குமாரசிங்கத்தால் குதிக்கமுடியவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய இரண்டு கண்ணிலும் வெண்படலம் விழத் தொடங்கியிருந்தது.

"விஜயலெட்சுமி, ஏழு மணிக்கு எங்கட வீட்டு முற்றத்துக்கு ஒருக்கா வாரும். வேற ஒண்டுமில்லை, மேல பார்த்து ஒரு விசயம் சொல்லவேணும்" என்றார்.

அவள் பயந்துபோய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கிளாக்கரின் மனைவி லீலாதேவி கோப்பி போட்டு வைத்துக்கொண்டு, "இந்த மனுசன்ட தொல்லை இனி உமக்கும்தான் பிள்ளை" என்று வரவேற்றார். விசயம் மிகச் சின்னது. தேளின் வால் கொடுக்கில் மூல நட்சத்திரம் பளிச்சென்று இருக்கும். நெற்றியில் அனுஷத்துக்குப் பக்கத்தில் இருப்பது மங்கல். இந்த இரண்டுக்கும் நடுவில் பத்துப் படி என்று வைத்துக்கொண்டால், அனுஷம் எத்தனையாவது படியில் நிற்கிறது?

விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுதானாங்கய்யா? இது கப்பு பார்க்கிற வேலைதானே."

ஒன்றையே முறைத்துப் பார்க்கக்கூடாது, பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். சட்டென்று இது, சட்டென்று அது, திரும்ப இது. கப்புக்கு அவள் செய்வது அதுதான். குமாரசிங்கம் பத்து வருடம் புத்தகம் படித்துக் கற்றதை அவள் முழங்காலைத் தடவியபடியே செய்தாள். "எட்டு" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

இப்படி ஒரு மாதம் எழுதி, பதுளை டவுனில் ஸரூக் என்ற பையன் போனும் இன்டர்நெட்டும் வைத்து நடத்திய கொமியூனிகேஷன் கடையிலிருந்து ஈமெயிலில் அனுப்பினார்கள். பதில் மரியாதையாக வந்தது. உலகம் முழுக்க அனுஷம் ஏறிக்கொண்டிருக்கும்போது பதுளையில் மட்டும் இறங்குகிறதே, என்ன காரணம் என்று கேட்டிருந்தார்கள். குமாரசிங்கத்துக்குத் தூக்கம் போய்விட்டது. பிறகுதான் விளங்கியது. நட்சத்திரக்காரர்கள் வெளிச்சமானதிலிருந்து கீழே எண்ணுவார்கள். வெளிச்சம் கூடக்கூட அவர்களுக்கு எண் குறையும். இவளோ டீமேக்கர் கப்புக்கு மார்க் போடுவதைப் பார்த்த பழக்கத்தில் மங்கலிலிருந்து மேலே எண்ணியிருக்கிறாள்.

"நல்லதுக்குக் கொறைஞ்ச மார்க்கு போடுற ஊரு எங்கங்கய்யா இருக்கு?" என்று கேட்டாள். அவர் முழுவதையும் திருப்பி எழுதி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அனுப்பினார். அதற்குப் பிறகு பிசகே இல்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஊவா மாகாணத்து வானம் துடைத்த கண்ணாடியாகக் கிடக்கும். தேயிலைக்கும் அதுதான் நல்ல சீசன், தேளுக்கும் அதுதான். பகலில் கப்பு, அந்தியில் அனுஷம் என்று நாலு வருடம் ஓடியது. சங்கத்தின் பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. கணவன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான், தீபாவளிக்கு வருவான். பிள்ளையில்லை. அதனால் அந்த அரைமணி நேரம் அவளுக்கு இனிப்பாகவே இருந்தது. அவள் சொன்னதை அவள் பெயரிலேயே எழுதிக்கொள்கிற ஓர் இடம் கிடைத்திருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆனி மாதம் ஸரூக் ஒரு கடதாசியை அச்செடுத்துக் கொடுத்தான். சூட்கேஸ் அளவேயான சின்னச் செயற்கைக்கோள் ஒன்று பூமியைச் சுற்றியபடி நாற்பது நாள் அனுஷத்தையே பார்க்கப்போகிறதாம். மயிரிழை அளவு ஏற்ற இறக்கமும் அதற்குத் தெரியும். ஆனால் நாற்பது நாள் முடிந்ததும் அது வேறு நட்சத்திரத்துக்குத் திரும்பிவிடும். நேற்றைக்கும் போன வருடத்துக்கும் முடிச்சுப்போடத் தரையிலிருந்து வருடக்கணக்காகப் பார்க்கிற கண் வேண்டும். ஆகையால் இந்த நாற்பது நாளும் ஒருநாளும் தவறாமல் எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டிருந்தார்கள்.

"பார்த்தீரே, சட்டலைற்றுக்கும் உம்மட கண் தேவைப்படுது" என்றார் குமாரசிங்கம்.

இதில்தான் வினை வந்து சேர்ந்தது. அதற்கு விஜயலெட்சுமியின் வாயைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்லமுடியாது.

அவளுடைய அண்ணன் கணபதி தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். அவர் கை தட்டினால், வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் ஓர் ஆள் நிற்காது, எல்லோரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிடுவார்கள். துரையே அவரைக் கண்டால் தொப்பியைச் சரிசெய்வார். அவர் மகன் அஜந்தன் பதுளையில் வன்பொருள் கடையில் வேலை. அண்ணி ஐந்து வருடம் குவைத்தில் இருந்தபோது அவனைத் தூக்கி வளர்த்தவள் விஜயலெட்சுமி. அவனுக்குக் கொஸ்லந்தையில் நிசாந்தினி என்று ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பார்த்தது என்ன, இருவரும் போனிலேயே பாதிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் பரிசம் போட நாள் குறித்தாகிவிட்டது.

அதற்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் அஜந்தன் பெயருக்கு ஓர் அர்ச்சனை. பெண் வீட்டாரிலும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலப் பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

"அஜந்தன். அனுஷம்" என்றார் கணபதி.

"இப்ப அது மங்கிக்கிட்டு வருது" என்றாள் விஜயலெட்சுமி.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு வாரமாக அனுஷத்தின் வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. வாரத் தொடக்கத்தில் மூலத்துக்கு ஒரு படி கீழே, அன்றைக்கு நாலு படி. மனசு முழுக்க அதுதான் இருந்தது, பெயரைக் கேட்டதும் வாயில் வந்துவிட்டது. பூசாரியின் கை சூடத் தட்டோடு அந்தரத்தில் நின்றது.

மறுநாளே தோட்டம் இரண்டுபட்டது. கருக்கமலையில் அனுஷத்தில் பிறந்தவர்கள் பத்தொன்பது பேர் என்று அப்போதுதான் தெரியவந்தது. அந்தி சாய்ந்ததும் அவர்கள் கிளாக்கர் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்று, "இன்னிக்கு எப்படி விஜயாக்கா?" என்று நோயாளியை விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். ஒருவர் தன் நட்சத்திரம் சரியில்லை என்று மருந்து அடிக்கிற வேலைக்கு லீவு கேட்டார். லீலாதேவி வேலிக்கு வெளியேயும் கோப்பி கொடுக்கவேண்டியதாயிற்று.

குமாரசிங்கத்துக்கு வேறு கவலை. "பிள்ளை, திரும்பவும் தலைகீழா எண்ணேல்லையே?"

"இல்லைங்கய்யா. மூலத்துக்கு நாலு படி கீழ. மங்கித்தான் இருக்கு."

"வடிவாப் பார்த்தனீரோ?"

"கப்பை விட நல்லாத் தெரியுது."

மூன்றாம் நாள் கொஸ்லந்தையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். பரிசத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்று பெண்ணின் தாய் கருப்பம்மா நினைக்கிறாராம். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலை கணபதி தங்கச்சி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஒரு வார்த்தை. இன்னிக்குப் பார்த்துட்டு, பழையபடி ஆயிருச்சுன்னு சொல்லிரு. ஊரு அடங்கிரும்."

"ஆகலைன்னா அண்ணே?"

"ஆகலைன்னா யாரு பாத்தா? மேல ஏறிப்போயா அளக்கப் போறாங்க?"

"ஒரு பெட்டி மேல சுத்திக்கிட்டுத்தான் அளக்குது."

"அந்தப் பெட்டியா வந்து நம்ம புள்ளைக்குப் பொண்ணு குடுக்கப் போகுது?" என்று கத்திவிட்டு அவர் போய்விட்டார். அவர் போன பிறகு அஜந்தன் வந்தான். அவன் கத்தவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாத முகத்தோடு வாசலில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தைதானே அத்தை" என்று மட்டும் சொன்னான். அதுதான் அவளைக் குத்தியது. அண்ணனின் கத்தலைப் பிறந்ததிலிருந்தே கேட்டவள் அவள். இந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய மடியில் வைத்திருந்தவள். அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சொல்லலாம்தான். ஊருக்கு ஒன்று சொல்லி, புத்தகத்தில் வேறொன்று எழுதலாம். ஆனால் நாளைக்கு அவள் கண்ணே அவளை நம்பாது. பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் அவள் சொன்னதை எல்லாம் வேறொருவர் பெயரில் எழுதினார்கள். அவள் பெயரில் எழுதப்படுவது இது ஒன்றுதான். இதிலும் பொய் என்றால், கழுவின கப்புதான் மிச்சம்.

ஏழு மணிக்கு முற்றத்துக்குப் போனபோது குமாரசிங்கம் பேனையை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணபதி அவர் வேலை செய்கிற கந்தோருக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறார்போல.

"விஜயலெட்சுமி, ஒரு வழி இருக்கு" என்று மெதுவாகத் தொடங்கினார். "பொய் எழுதவேண்டாம். முகில் எண்டு எழுதிவிடுவம். முகில் எண்டால் அண்டைக்குக் கணக்கில்லை. ஊருக்கும் முகில் எண்டே சொல்லலாம். பரிசம் முடியுமட்டும்."

அவள் மேலே பார்த்தாள். ஒரு பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. கச்சான் சவுக்கு மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

"கச்சான் காத்துல முகிலாங்கய்யா? பதுளையில இருக்கிற ஸரூக்கு தம்பியே சிரிக்கும்."

லீலாதேவி உள்ளேயிருந்து, "நல்லாச் சொல்லும் பிள்ளை. நாப்பது நாளும் விடாமல் எழுதவேணுமெண்டு எனக்குப் படிச்சுக் காட்டினவர் இவர்தான்" என்றார். குமாரசிங்கம் வெட்கப்பட்டுப் பேனையைத் திறந்தார். அன்றைக்கும் நாலு என்றே எழுதினார்கள். அன்றிரவு அவள் அழுதாள் என்பதையும் சொல்லவேண்டும். மறைத்துப் புண்ணியமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை யாருமே எதிர்பாராத விதமாகக் கருப்பம்மாவே வந்து இறங்கினார். கூட ஒருவருமில்லை. கையில் ஒரு குடை, ஒரு பை. முப்பது வருடம் கொழுந்து எடுத்து வெயிலில் கறுத்த, கட்டையான அம்மாள். கணபதி பதறியடித்துக்கொண்டு நாற்காலி போட்டார். கலர் சோடா வாங்க ஆள் அனுப்பினார். அந்த அம்மாள் நாற்காலியைப் பார்க்கவேயில்லை.

"நட்சத்திரம் பார்க்கிறவங்க யாரு? அவங்களைத்தான் பார்க்கணும்."

கணபதி வழியெல்லாம் தங்கச்சியைக் கண்ணால் கெஞ்சிக்கொண்டே வந்தார். கிளாக்கர் வீட்டு முற்றத்தில் அஜந்தனும் தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். அனுஷக்காரர்கள் பத்தொன்பது பேரும் வேலிக்கு வெளியே. லீலாதேவி அடுப்படி விளக்கை அணைத்தார். நன்றாக இருட்டிவிட்டது. தேள் தெற்கே நெட்டுக்குத்தாக நின்றது.

"மாப்பிள்ளை நட்சத்திரம் மங்குதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?" என்றார் கருப்பம்மா.

"நான்தான்க்கா."

"இன்னிக்கு?"

கணபதி தொண்டையைச் செருமினார். விஜயலெட்சுமி மேலே பார்த்தாள். சட்டென்று வால், சட்டென்று நெற்றி, திரும்ப வால்.

"அஞ்சு படி கீழ. நேத்தைவிட இன்னும் மங்கல்" என்றாள். "நீங்களே பாருங்கக்கா. அந்த வால் நுனியில இருக்கிறதைப் பாருங்க. இப்ப நெத்தியில நடுவுல இருக்கிறது. ஒண்ணையே முறைக்காதீங்க, மாத்தி மாத்திப் பாருங்க."

கருப்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முற்றிய இலையையும் கொழுந்தையும் விரல் நுனியிலேயே பிரிக்கிற இனம் அது. கண் மட்டும் சளைத்ததா?

"ஆமா" என்றார் கடைசியில். "வாலுதான் வெளிச்சம்."

கணபதி தலையில் கை வைத்தார். தூணுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது.

"இது அவரவர் தலையெழுத்து இல்லைக்கா" என்றாள் விஜயலெட்சுமி. "நாலு வருசமா பார்க்கிறேன். ஏறும், இறங்கும். அந்த வருசம் ஏறினப்ப இந்த அனுஷக்காரங்க பத்தொன்பது பேருக்கும் ஒரு லொத்தர் சீட்டும் விழலை. இறங்கிறதுனால ஒண்ணும் ஆகாது. ஆனா மங்கலைன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. எங்கண்ணன் சொல்லச் சொன்னாரு. புள்ளையும் கேட்டான். மங்கித்தான் இருக்கு."

கணபதிக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளக்கக்கூடாதா என்று இருந்தது. கருப்பம்மா குடையைக் கை மாற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"சரி. நட்சத்திரத்தை விடுங்க. பையன் குடிப்பானா?"

அண்ணாந்திருந்த பத்தொன்பது தலையும் வேலிக்கு மேலாக முற்றத்துப் பக்கம் திரும்பின.

"சம்பளத்தன்னிக்கு ஒரு பியர். தீபாவளின்னா ரெண்டு, மூணு" என்றாள் விஜயலெட்சுமி. "கை நீட்டமாட்டான். கோவம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டான், அதுதான் அவன்கிட்ட பெரிய தொல்லை. குறட்டை விடுவான். சம்பளத்துல பாதி அவங்க அம்மா கையில குடுத்துருவான். வேலைக்குப் பிந்திப் போனதே இல்லை."

"அத்தை!" என்று தூண் அலறியது.

கருப்பம்மா சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு லீலாதேவி நீட்டிய கோப்பியை வாங்கிக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்தார்.

"நாலு தோட்டத்துல மாப்பிள்ளை பார்த்தேங்க. நாலு பேரும் சொக்கத் தங்கம்னாங்க. மூத்தவளுக்கும் அப்படிச் சொல்லித்தான் ஒருத்தனைக் கட்டிவச்சாங்க. இப்ப எங்க வீட்டுலதான் கெடக்குறா. சொந்த அண்ணன் மகனுக்கே கொறையைச் சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். என் மக இந்த வீட்டுக்கு வரட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட உள்ளதைச் சொல்ல ஒரு ஆளு இருக்கு."

அந்த நாற்பது நாளின் முடிவு மாசி மாதம்தான் ஸரூக்கின் கடைக்கு வந்தது. செயற்கைக்கோள் போட்ட கோடு மலைச்சரிவுபோல இறங்கி ஏறியிருந்தது. தரையிலிருந்து பார்த்தவர்களின் புள்ளிகள் அதைச் சுற்றி இறைந்து கிடந்தன. பதுளைப் புள்ளிகள் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தன என்று குமாரசிங்கம், கண் சத்திரசிகிச்சை முடித்துப் புதுக் கண்ணாடியோடு, கந்தோர் முழுக்கக் காட்டித் திரிந்தார். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே, அந்த வெள்ளிக்கிழமை முற்றத்திலேயே விஜயலெட்சுமிக்கு முடிவு கிடைத்துவிட்டது.

அன்றைக்கு ஆளாளுக்குப் பரிசத்துக்கு நாள் பேசிக்கொண்டிருந்த சத்தத்தில் குமாரசிங்கம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "விஜயலெட்சுமி, எத்தினை எண்டு சொன்னனீர்? அஞ்சோ, நாலோ?" என்று கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் கணபதி முந்திக்கொண்டார். பெரட்டில் ஆளைத் திரட்டுகிற அதே குரலில், வேலிக்கு வெளியே நிற்கிற பத்தொன்பது பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அஞ்சுங்க! என் தங்கச்சி பார்த்தது. நல்லா மங்கித்தான் இருக்கு, எழுதிக்குங்க!"